எல்.ஐ.சி. படத்தில் ஆளைக் காணோமே!

அண்ணா சாலை எல்.ஐ.சி. கட்டிடத்தை மையாலும் தண்ணீர் வர்ணத்தாலும் வரைகிற பழக்கம் இளைஞர்களிடம் பரவி இருக்கிறது. நல்ல சங்கதிதான். ஆனால் நான் பார்த்த பல படங்களில் ஒரு குறை. கட்டிடம் இருக்கிறது, வானம் இருக்கிறது... ஆளைக் காணோம்!

மை வேலைக்கு இது வசமான கட்டிடம். அடுக்கடுக்காக ஜன்னல், மாடிக்கு மாடி நேர்கோடு. தண்ணீரில் கரையாத மையில் கோடு போட்டு, காய்ந்த பிறகு வர்ணத்தை ஓடவிட வேண்டும். அவசரப்பட்டால் போச்சு, பதினாலு மாடியும் கரைந்து வழியும்!

செட்டியார் பார்க்கவில்லை

யுனைடெட் இந்தியா இன்சூரன்சு கம்பெனிக்காக இதை ஆரம்பித்தவர் எம்.சிடி.எம். சிதம்பரம் செட்டியார். 1954-ல் அவர் விமான விபத்தில் இறந்து போனார். 1956-ல் ஆயுள் இன்சூரன்சு அரசுடைமை ஆனது. 1959-ல் கட்டிடம் திறந்தபோது உயரம் 177 அடி. அன்று சென்னையில் இதற்கு மிஞ்சி எதுவும் கிடையாது.

ஊரில் இருந்து வந்தவர்கள் கழுத்து வலிக்க அண்ணாந்து பார்த்தார்கள். சினிமாவில் கதாநாயகன் பட்டணம் வந்துவிட்டான் என்று காட்ட இந்தக் கட்டிடமே போதும். 1975-ல் தீப்பிடித்தது. அப்புறமும் நிமிர்ந்து நிற்கிறது.

இன்றைக்கு 177 அடி எல்லாம் ஒரு உயரமா? நகரத்தில் இதைவிட எத்தனையோ வந்தாச்சு. அப்படி என்றால் படத்தில் உயரம் எப்படித் தெரியும்? கீழே நகக்கண் அளவுக்கு ஒரு மனுஷன் நின்றால்தான் தெரியும்.

போட்டோ என்றால் ஆள் தானாக விழுந்துவிடுவான். வரைகிற படத்தில் அப்படி இல்லை, வரைகிறவன் மனசு வைத்தால்தான் உண்டு. அதனால் ஆளை விட்டது மறதி என்று சொல்ல முடியாது. 'வேண்டாம்' என்று தள்ளியதுதான்!

யாருடைய ரோடு?

2019-ல் எல்.ஐ.சி. என்ற பெயரிலேயே சுரங்க ரெயில் நிலையமும் வந்துவிட்டது. பூமிக்குள் இருந்து ஜனங்கள் திமுதிமு என்று ஏறி வருகிறார்கள். இதை விட்டுவிட்டு வெறிச்சோடிய ரோட்டை வரைந்தால் அது அண்ணா சாலையா? ஊரடங்கு போட்ட மாதிரி அல்லவா இருக்கிறது!

தம்பிகளே, தங்கச்சிகளே! பஸ் ஸ்டாப்பில் டிபன் டப்பாவோடு நிற்கிறாரே, அவரையும் சேர்த்துப் போடுங்கள். நாலு கோடு, சட்டைக்குக் கொஞ்சம் நீலம். பஸ் வருவதற்குள் முடித்து விடலாம்.