ஏறிய பிரீமியம் யாருக்குக் காவல்?

"இன்ஷூரன்ஸ் பிரீமியம் ஏறினால் நமக்கென்ன? அது காரும் லாரியும் வைத்திருப்பவர்கள் சமாச்சாரம்" என்று எண்ணும் தொழிலாளர்கள் உண்டு. அந்த எண்ணம் தவறு. ஷிப்டு முடிந்து சாலையோரம் நடக்கும் மில் தொழிலாளியும், சைக்கிளில் போகிறவரும், நடவுக்கும் களையெடுப்புக்கும் லோடு வண்டியில் ஏறிப் போகும் விவசாயத் தொழிலாளியும்தான் இந்த விஷயத்தில் முதல் கட்சிக்காரர்கள்.

காரணம் இதுதான். மோட்டார் இன்ஷூரன்ஸில் இரண்டு பகுதிகள் உண்டு. ஒன்று, வண்டிக்கு ஏற்படும் சேதத்திற்காக எடுப்பது. அதை எடுப்பதும் விடுவதும் வண்டிக்காரர் இஷ்டம். மற்றது, அந்த வண்டி மோதி யாராவது செத்தாலோ, கைகால் இழந்தாலோ நஷ்டஈடு கொடுப்பதற்காக எடுப்பது. இதற்கு மூன்றாம் நபர் இன்ஷூரன்ஸ் என்று பெயர். இது கட்டாயம். 1939ம் வருஷத்து மோட்டார் வாகனச் சட்டம் இதை விதித்தது. இந்த விதி 1946ல் அமலுக்கு வந்தது. இன்றுள்ள 1988ம் வருஷத்துச் சட்டமும் இதையே சொல்கிறது. பணம் கட்டுவது வண்டிக்காரர்; காவல் சாலையில் போகும் ஏழைக்கு. சட்டத்தின் நோக்கம் அதுவே.

அந்த நோக்கம் நிறைவேறுகிறதா? கட்டணம் ஏறிய கதையை முதலில் பார்ப்போம்.

1973 ஜனவரியில் பொது இன்ஷூரன்ஸ் தேசியமயமானது. 107 கம்பெனிகள் நான்கு பொதுத்துறைக் கம்பெனிகளாயின. அவற்றில் ஒன்று சென்னையைத் தலைமையிடமாகக் கொண்டது. கட்டணத்தை ஒரு கமிட்டி நிர்ணயித்தது. நாடெங்கும் எல்லாக் கம்பெனிகளுக்கும் ஒரே விகிதப் பட்டியல். 2000ம் வருஷத்திலிருந்து தனியார் கம்பெனிகள் மறுபடி நுழைந்தன. 2007 ஜனவரி 1 முதல் வண்டிச் சேதத்திற்கான கட்டணம் அவிழ்த்து விடப்பட்டது; கம்பெனிக்குக் கம்பெனி விலை பேசலாயின. மூன்றாம் நபர் கட்டணம் மட்டும் சர்க்கார் கட்டுப்பாட்டிலேயே நின்றது.

கட்டுப்பாட்டில் நின்ற கட்டணம் எப்படி ஏறிற்று? 1,000 சி.சி.க்கு உட்பட்ட சிறிய காருக்கு 2014-15ல் 1,129 ரூபாய். 2015-16ல் 1,468. 2016-17ல் 2,055. இரண்டே வருஷத்தில் 82 சதவிகித ஏற்றம்! பிறகு 2018ல் 1,850 ஆகக் குறைந்து, 2019ல் 2,072 ஆகி, 2022 ஜூன் 1 முதல் 2,094 ஆயிற்று.

நம்மவர்கள் வாங்குவது காரல்ல, மோட்டார் சைக்கிள். 75 முதல் 150 சி.சி. வரையுள்ள வண்டிக்கு 2014-15ல் 464 ரூபாய். 2017-18ல் 720 ரூபாய். மூன்று வருஷத்தில் பாதிக்கு மேல் ஏற்றம். 2019ல் 752. 2022ல் 714 ஆகக் குறைத்தார்கள் என்பது உண்மை. அதே 2022ல் நடந்த இன்னொன்றையும் பாருங்கள். 1,500 சி.சி.க்கு மேற்பட்ட பெரிய காருக்கு 7,890 ரூபாய் 7,897 ஆயிற்று; ஏற்றம் 7 ரூபாய். 75 சி.சி.க்கு உட்பட்ட மொபெட்டுக்கு 482 ரூபாய் 538 ஆயிற்று. ஏற்றம் 56 ரூபாய். பண்ணையாரின் காருக்கு ஏழு, பால்காரரின் மொபெட்டுக்கு ஐம்பத்தாறு! இது எந்த ஊர்க் கணக்கு?

இதோடு நிற்கவில்லை. கோவை டாக்டர் எஸ்.ராஜசேகரன் சாலைப் பாதுகாப்புக்காகத் தொடுத்த வழக்கில், 2018ல் சுப்ரீம் கோர்ட்டு ஓர் உத்தரவிட்டது. 2018 செப்டம்பர் 1 முதல் புதிய கார்களுக்கு மூன்று வருஷத்திற்கும், இருசக்கர வண்டிகளுக்கு ஐந்து வருஷத்திற்கும் மூன்றாம் நபர் இன்ஷூரன்ஸை முதலிலேயே எடுத்தாக வேண்டும். நோக்கம் நல்லதே. ஏராளமான வண்டிகள் இன்ஷூரன்ஸ் இல்லாமலே ஓடுகின்றன. அத்தகைய வண்டி மோதினால் செத்தவர் குடும்பம் நடுத்தெருவில் நிற்கிறது. ஆனால் அந்த நல்ல நோக்கத்தின் பேரில் வசூல் எப்படி நடக்கிறது? 2022 விகிதப்படி 150 சி.சி. வரையுள்ள புது வண்டிக்கு ஐந்து வருஷக் கட்டணம் 3,851 ரூபாய். வருஷா வருஷம் 714 கட்டினால் ஐந்து வருஷத்திற்கு 3,570தான். முன்பணமாகக் கொடுப்பவருக்கு 281 ரூபாய் அபராதம்! மொத்தமாகக் கொடுத்தால் விலை குறைவது சந்தை வழக்கம். இங்கே தலைகீழ். இனி வரும் வருஷங்களில் ஏறப்போகும் கட்டணத்தை இன்றே சேர்த்துக்கொண்டோம் என்பார்கள். ஐந்து வருஷப் பணத்தை இன்றே கையில் வாங்கி முதலீடு செய்கிறார்களே, அந்த வட்டி யாருக்கு?

இதற்கு மேல் 18 சதவிகித ஜி.எஸ்.டி. வரி. 2025 செப்டம்பர் 22ல் தனிநபர் ஆயுள், மருத்துவ இன்ஷூரன்ஸ்களுக்கு இந்த வரியை நீக்கினார்கள். வரவேற்க வேண்டியதே. ஆனால் சட்டம் கட்டாயப்படுத்தும் இருசக்கர வண்டி இன்ஷூரன்ஸுக்கு மட்டும் வரியை ஏன் விட்டுவைத்தார்கள்? விரும்பி எடுப்பதற்கு வரி இல்லை, கட்டாயமாக எடுப்பதற்கு வரி உண்டு என்பது என்ன நியாயம்?

ஏற்றத்திற்குக் கம்பெனிகள் சொல்லும் காரணம் ஒன்று உண்டு. "கோர்ட்டுகள் அதிக நஷ்டஈடு கொடுக்கச் சொல்கின்றன, எங்களுக்கு நஷ்டம்" என்கிறார்கள். நஷ்டஈடு ஏறியது உண்மைதான். அது தொழிலாளி பெற்ற உரிமை. பழைய சட்டத்தில் சரக்கு லாரி மோதிச் செத்தால் கம்பெனி கொடுக்க வேண்டிய உச்ச வரம்பு 20,000 ரூபாயாக இருந்த காலம் உண்டு. 1988ம் வருஷத்துச் சட்டம் சாவுக்கும் காயத்துக்கும் அந்த வரம்பை எடுத்துவிட்டது. 2017ல் பிரனய் சேத்தி வழக்கில் சுப்ரீம் கோர்ட்டு, சுயமாகப் பிழைப்பவர் செத்தாலும் அவருடைய வருங்கால வருமான உயர்வைக் கணக்கில் சேர்க்க வேண்டும் என்றது. 2016ம் வருஷத்து மசோதாவோ கம்பெனியின் பொறுப்பை 10 லட்சத்தோடு நிறுத்தப் பார்த்தது. பிறகு அது கைவிடப்பட்டது. நஷ்டஈடு கொடுப்பதற்காகவே வாங்கும் பணத்திலிருந்து நஷ்டஈடு கொடுப்பதை நஷ்டம் என்று அழைப்பது விந்தை!

இனி, எல்லாவற்றிலும் பெரிய அநீதிக்கு வருவோம். கட்டணம் ஏறியும் இந்தக் காவல் வந்து சேராதவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் நம்மவர்கள்.

நடவுக்கும், களைக்கும், கரும்பு வெட்டுக்கும் நம் பெண்கள் எதில் போகிறார்கள்? குட்டியானையிலும் டிராக்டர் டிரெய்லரிலும்தான். சரக்கு வண்டியில் போகும் சரக்குக்காரரும், வண்டிக்காரர் வேலைக்கு வைத்த ஆளும் தவிர, மற்றவர்களுக்கு இன்ஷூரன்ஸ் கம்பெனி பொறுப்பல்ல என்று 2002ல் ஆஷா ராணி வழக்கில் சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்பளித்தது. வண்டி கவிழ்ந்தால் சாலையில் நின்றவருக்கு நஷ்டஈடு உண்டு. வண்டிக்குள் இருந்த கூலிக்காரிக்கு இல்லை! வண்டிக்காரரிடம் வாங்கிக்கொள் என்பார்கள். கடனில் வண்டி ஓட்டும் அவரிடம் என்ன இருக்கும்? சில வழக்குகளில் "முதலில் கம்பெனி கொடுக்கட்டும், பிறகு வண்டிக்காரரிடம் வசூலிக்கட்டும்" என்று கோர்ட்டு உத்தரவிடுகிறது. அது கோர்ட்டின் தயவு. சட்டம் தந்த உரிமையல்ல.

இருசக்கர வண்டியின் பின் சீட்டில் போகிறவர் கதியும் இதேதான். வெறும் மூன்றாம் நபர் பாலிசி மட்டும் இருந்தால் அவருக்குக் காவல் கிடையாது. கணவன் ஓட்ட, மனைவி பின்னால் அமர்ந்து மில் வேலைக்குப் போகிறாள். கட்டிய பணம் வழியில் போகிறவரைக் காக்கும், அவளைக் காக்காது.

எனவே நமது கோரிக்கைகள் தெளிவானவை. ஆட்களை வேலைக்கு அழைத்துப் போகிறவர்கள் பஸ் அல்லது வேன் கொடுக்க வேண்டும். அது வரும்வரை, சரக்கு வண்டியில் கூலிக்குப் போகிறவர் விபத்தில் சிக்கினால் கம்பெனி முதலில் பணம் கொடுக்கச் சட்டத்திலேயே வழி செய்ய வேண்டும். பின் சீட்டுக்காரரையும் கட்டாய பாலிசியில் சேர்க்க வேண்டும். ஐந்து வருஷ முன்பணக் கட்டணம் ஐந்து வருஷத் தனிக் கட்டணத்தைத் தாண்டக்கூடாது. தவணையில் கட்டவும் வசதி வேண்டும். இருசக்கர வண்டியின் கட்டாய இன்ஷூரன்ஸுக்கு வரி கூடாது. வசூல் எவ்வளவு, கொடுத்த நஷ்டஈடு எவ்வளவு என்ற கணக்கை மக்கள் முன் வைத்துவிட்டே கட்டணத்தை மாற்ற வேண்டும். 2021ல் சட்டத்தைத் திருத்தி, பொதுத்துறைக் கம்பெனிகளில் சர்க்கார் பங்கு 51 சதவிகிதத்துக்குக் கீழே போகக் கதவு திறந்து வைத்தார்கள். அந்தக் கதவை மூட வேண்டும்.

சங்கங்கள் இன்றே செய்யக்கூடிய வேலையும் உண்டு. விபத்து நஷ்டஈட்டு மனுவுக்கு ஆறு மாதக் கெடு என்று 2019ம் வருஷத்துத் திருத்தம் சொல்கிறது. துக்கம் கேட்கப் போகும்போதே இதைச் சொல்லுங்கள். முதல் தகவல் அறிக்கையின் நகலை வாங்கி வையுங்கள். மோதிய வண்டி எது என்றே தெரியாவிட்டாலும் கைவிடாதீர்கள். 2022 ஏப்ரல் 1 முதல் நடந்த விபத்துகளில் சாவுக்கு 2 லட்சம், கொடுங்காயத்துக்கு 50,000 ரூபாய் கேட்டுப் பெற உரிமை உண்டு. அதற்கு முன் இது 25,000மும் 12,500மும்தான்.

பிரீமியம் ஏறினால் வண்டிக்காரர் முணுமுணுக்கிறார். கம்பெனி கணக்குக் காட்டுகிறது. யாருக்காக இந்தச் சட்டம் பிறந்ததோ அவர்கள் மட்டும் பேசாமல் இருக்கிறார்கள். இனி அவர்கள் பேச வேண்டும். ஆலை வாயிலிலும் வயல் வரப்பிலும் இந்தக் கோரிக்கைகள் ஒலிக்கட்டும்!