கவனக் குறைபாடு: வரமோ, சுமையோ?

கல்விக்கு வேண்டப்படும் கருவிகள் பலவற்றுள்ளும் தலையாயது ஒருமுகப்பட்ட மனமே என்பது யாவர்க்கும் ஒப்ப முடிந்த உண்மை. நூல்நிலையம் எத்துணைப் பெரிதாயினும், ஆசிரியர் எத்துணை வல்லவராயினும், கேட்போன் உள்ளம் கேட்குமிடத்தில் நில்லாதாயின் அவையனைத்தும் பாறைமேற் பெய்த மழையாகும். அங்ஙனம் நிற்கமாட்டாத உள்ளத்தோடு பிறந்தாரும் நம்மிடையே உளர். அவர்தம் நிலையை இக்கால மருத்துவ நூலார் கவனக் குறைபாட்டு மிகையியக்கக் கோளாறு என்பர்; ஏ.டி.எச்.டி. என்னும் சுருக்கப் பெயரே மாணாக்கரிடைப் பெரிதும் வழங்குவது. இதனை ஒரு சாரார் சுமையென்று இரங்குகின்றனர். மற்றொரு சாரார், புதுமை காணும் உள்ளத்துக்கு இறைவன் அருளிய வரமென்று போற்றுகின்றனர். இவ்விரு கூற்றுள் எது பொருந்துவது என்பதை நடுவுநிலையில் நின்று ஆராய்தல் நம் கல்லூரிக்கு இன்றியமையாதது. என்னை? உலகெங்கும் சிறுவருள் நூற்றுக்கு ஏறக்குறைய 5 பேரிடமும், வளர்ந்தோருள் நூற்றுக்கு 2 அல்லது 3 பேரிடமும் இக்கோளாறு காணப்படுவதென்பர். நம் வகுப்பறைகளிலும் விடுதிகளிலும் இத்தகையார் சிலரேனும் இருத்தல் ஒருதலை.

முதற்கண் இக்கோளாறு இன்னதென அறிதல் வேண்டும். கவனம் அறவே இல்லாமை இதன் இலக்கணமன்று. கவனத்தை வேண்டிய இடத்தில், வேண்டிய பொழுது நிறுத்தும் ஆட்சி குறைந்திருத்தலே இதன் இலக்கணம். தன் மனத்துக்கு உவந்த பொருளில் ஒரு மாணாக்கன் ஊணும் உறக்கமும் மறந்து இரவு முழுதும் ஆழ்ந்திருப்பான். அவனே மறுநாள் ஒப்புவிக்க வேண்டிய பாடத்தின் முதற் பக்கத்தைத் தாண்டமாட்டான். கண்டோர், ‘மனமிருந்தாற் செய்வான்; இவனுக்கு மனமில்லை’ என்று எளிதில் முடிவு கட்டுவர். மனம் இருக்கின்றது, அதனைச் செலுத்தும் கடிவாளமே தளர்ந்துளது. அமெரிக்க மனநோய் மருத்துவர் சங்கத்தார் 2013இல் வெளியிட்ட நூல், கவனமின்மைக்கு 9 குறிகளும், அடங்கா இயக்கம், ஆராயாது துணிதல் ஆகிய இரண்டுக்கும் சேர்த்து 9 குறிகளும் வகுத்துள்ளது. இவ்விரு வகையுள் ஒன்றிலேனும் சிறுவர்க்கு 6 குறிகளும், 17 வயது நிரம்பியோர்க்கு 5 குறிகளும் காணப்படுதல் வேண்டும். அவை 6 திங்களேனும் நீடித்திருத்தல் வேண்டும். அவற்றுட் பல 12 வயதுக்கு முன்னரே தோன்றியிருத்தல் வேண்டும். வீடு, பள்ளி முதலியவற்றுள் இரண்டிடங்களிலேனும் வெளிப்பட்டு வாழ்வுக்கு இடையூறு விளைத்தலும் வேண்டும். ஆதலின், கைப்பேசியில் மூழ்கிப் படிப்பை மறந்தாரெல்லாம் இக்கோளாறுடையவராகார்.

இது நம் காலத்தார் புனைந்த புதுக்கதை என்பாரும் உளர். அதுவும் பொருந்தாது. ஸ்காட்லாந்து நாட்டு மருத்துவர் அலெக்சாண்டர் கிரைட்டன், 1798இல் வெளியிட்ட நூலில், ஒன்றிலும் நிலைக்கமாட்டாத கவனத்தைப் பற்றி ஓர் அதிகாரமே வரைந்தார். இலண்டன் மாநகரில் ஜார்ஜ் பிரெடெரிக் ஸ்டில் என்பார், 1902இல் அரச மருத்துவர் கல்லூரியில் நிகழ்த்திய சொற்பொழிவுகளில், அறிவிற் குறைவின்றியும் தம்மைத் தாம் அடக்கமாட்டாத சிறுவரை விரித்துரைத்தார். 1937இல் அமெரிக்காவின் ரோட் ஐலண்டு மாகாணத்தில் சார்லஸ் பிராட்லி என்னும் மருத்துவர், 30 சிறுவர்க்குப் பென்செட்ரின் என்னும் ஊக்க மருந்தைக் கொடுத்து, அவருட் பலர் பாடத்தில் முன்னினும் ஊன்றி நிற்கக் கண்டார். கவனக் குறைபாடு என்னும் பெயர் மருத்துவ நூலில் ஏறியது 1980இல்; மிகையியக்கம் என்பது அப்பெயரோடு இணைந்தது 1987இல். பெயர் புதிது, நிலை பழையது.

இனி, வரமென்பார் கூற்றைக் கேட்போம். தாம் ஹார்ட்மன் என்னும் அமெரிக்க நூலாசிரியர் 1993இல் வெளியிட்ட நூலில் ஒரு கருத்தை எடுத்தோதினார். வேட்டுவனுக்கு நாற்றிசையும் சுழலும் கண்ணும் நொடியில் துணியும் உள்ளமும் வேண்டும். உழவனுக்கோ விதைத்தது விளையுமளவும் காத்திருக்கும் பொறுமை வேண்டும். வேட்டுவர்க்கு அணியாயிருந்த இயல்பே உழவர் வகுத்த உலகில் குறையாகத் தோன்றுகின்றது என்பது அவர் கருத்து. இதற்குத் துணை செய்வதுபோல் 2008இல் ஓர் ஆராய்ச்சி வெளிவந்தது. கென்யா நாட்டின் வடபாலில் அரியால் என்னும் மேய்ப்பர் குடியினர் உளர். இக்கோளாற்றோடு தொடர்புடையதாகக் கருதப்படும் ஒரு மரபணு வகையை உடைய ஆடவர், மந்தையோடு அலைந்து திரியுங் குழுவில் மற்றவரினும் நல்ல உடலூட்டம் உடையராயிருந்தனர். ஓரிடத்தில் நிலைத்துக் குடியேறிய குழுவிலோ, அவ்வகையை உடையோரே உடலூட்டத்திற் குறைந்திருந்தனர். இவற்றோடு, நீச்சல் வீரர் மைக்கேல் பெல்ப்ஸ் என்பாரையும் இக்கட்சியார் சான்று காட்டுவர். 9 வயதில் இக்கோளாறு உடையரெனக் கண்டறியப்பட்ட அவர், 2004 முதல் 2016 வரை நிகழ்ந்த நான்கு ஒலிம்பிக் பந்தயங்களில் 28 பதக்கங்கள் வென்றார். அவற்றுள் 23 பொற்பதக்கங்கள்.

இக்கூற்று செவிக்கு இனியது. ஆயினும் ஆராயுமிடத்து நிலைபெறுவதன்று. அரியால் குடியினரிடைக் கண்டது ஒரு தனி மரபணு வகையின் விளைவேயன்றிக் கோளாற்றின் விளைவன்று. இக்கோளாறோ பற்பல மரபணுக்கள் கூடி விளைவது. அவ்வாராய்ச்சி நமக்குத் தரும் பாடம் ஒன்றுண்டு: ஒரே இயல்பு இடத்துக்கேற்ப நலமாகவும் தீங்காகவும் முடியலாம் என்பதே அது. ஆனால், நம் மாணாக்கர் மந்தை மேய்க்கும் வெளியில் வாழவில்லை. மூன்று மணி நேரம் ஓரிடத்திலமர்ந்து விடையெழுதும் உலகில் வாழ்கின்றனர். வேறோர் உலகில் இது வரமாயிருந்திருக்கும் என்னும் சொல், இவ்வுலகில் தேர்வில் தவறியவனுக்கு என்ன ஆறுதல் தரும்?

பெல்ப்ஸ் அவர்கள் வரலாற்றையும் முழுமையாக நோக்குதல் வேண்டும். அவர் அன்னையார் ஆசிரியத் தொழில் புரிந்தவர். படிப்பில் மனஞ்செல்லாத மகனுக்குச் செய்தித்தாளின் விளையாட்டுப் பக்கத்தைக் கொடுத்துப் படிக்கச் செய்தார். கணக்கை நீச்சற் கணக்காக மாற்றிக் கொடுக்கச் செய்தார். பாப் பௌமன் என்னும் பயிற்சியாசிரியர் அவர் இளமை தொட்டு நெடுங்காலம் உடனிருந்து பயிற்றினார். நாள்தோறும் ஒரே பொழுது, ஒரே நீர்நிலை, கோடிட்ட ஒரே வழி. அடுத்துச் செய்வது இன்னதெனச் சொல்ல அருகிலேயே ஓர் ஆசிரியர். பொன்னை ஈட்டித் தந்தது கோளாறன்று. அவர்தம் உடல் வளமும் உழைப்பும், அவர் சுமையிற் பாதியைத் தாம் ஏற்றுக்கொண்ட அன்பருமே. ஒற்றைக்காலர் ஒருவர் மலையேறினால் அவரைப் போற்றுவோம். கால் இழத்தலை வரமென்று சொல்லமாட்டோம்.

‘பலவற்றை ஒருங்கே நினைக்கும் ஆற்றல் இவர்க்குண்டு, நம் முன்னோர் அவதானம் என்று போற்றியதும் இதுவன்றோ?’ என வினவுவாரும் உளர். கோட்டாற்றுச் செய்குதம்பிப் பாவலர் 1907இல் சென்னை விக்டோரியா மண்டபத்தில் சதாவதானம் நிகழ்த்திப் புகழ்பெற்றதைத் தமிழுலகம் அறியும். ஆயின், அவதானி நூறு பொருள்களையும் தன் விருப்பின்படி பற்றி, வேண்டும்போது ஒவ்வொன்றாய் எடுத்துத் தருகின்றார். கவனக் குறைபாடுடையவனையோ, நூறு பொருள்களும் அவன் விருப்பமின்றியே பற்றி இழுக்கின்றன. முன்னவர் பாகனை ஒத்தவர். பின்னவன் கடிவாளமற்ற குதிரைமேல் இருப்பவனை ஒத்தவன்.

சுமையின் எடையை அறியாதவரே அதனை வரமென்பர். டென்மார்க்கு நாட்டில் 19 இலட்சத்துக்கு மேற்பட்டோர்தம் பதிவேடுகளை ஆராய்ந்து 2015இல் வெளியிட்டதோர் அறிக்கை, இக்கோளாறுடையார் ஏனையோரினும் ஏறக்குறைய இருமடங்கு அளவில் அகால மரணம் எய்துகின்றனர் என்றும், அம்மரணங்களுக்குத் தலையாய காரணம் விபத்துக்களே என்றும் காட்டிற்று. அத்தகைய மரணம் அரிதே. ஆயினும் அன்றாடச் சிறு இழப்புக்கள் அரியனவல்ல. கட்ட மறந்த தேர்வுக் கட்டணம், பாதியில் நின்ற கட்டுரை, சிந்தியாது சொன்ன சொல்லால் முறிந்த நட்பு ஆகிய இவை சேர்ந்து, ‘நான் எதற்கும் பயன்படேன்’ என்னும் எண்ணத்தை ஓர் இளைஞன் உள்ளத்தில் ஊன்றிவிடுகின்றன. பெண் மக்களிடத்து நிலை இன்னும் இரங்கத்தக்கது. அவருட் பலர் ஓடியாடாது அமைதியாய் அமர்ந்தே மனத்தால் அகன்று போதலின், ஆசிரியர் கண்ணுக்கும் பெற்றோர் கண்ணுக்கும் புலப்படாமலே கல்லூரிப் பருவத்தை அடைகின்றனர்.

சுமையென்று யாம் துணிதலின், அதனைக் குற்றமென்று கொண்டோமென யாரும் கருதற்க. வரமென்பாரினும் பெருந்தவறு செய்வோர், இதனைச் சோம்பலென்றும் ஒழுக்கக் கேடென்றும் இகழ்வோரே. ஸ்டில் என்பாரும் தம் காலத்து வழக்கின்படி இதனை ஒழுக்க அடக்கத்தின் குறையெனப் பெயரிட்டார்; பின்வந்த ஆராய்ச்சியோ வேறு கூறுகின்றது. இரட்டையரை ஆராய்ந்தோர், இக்கோளாறு வருவதில் மரபின் பங்கு நூற்றுக்கு 70 முதல் 80 வரை என்பர். மூளையின் புறணி தன் உச்சப் பருமனை அடையும் வயது ஏனைச் சிறுவரிடை ஏறக்குறைய 7½ ஆகவும், இச்சிறுவரிடை 10½ ஆகவும் இருத்தலை அமெரிக்க ஆராய்ச்சியாளர் 2007இல் கண்டனர். கண் பார்வை குறைந்தவனை, ‘உற்றுப் பார்’ என்று அதட்டுவதாற் பயன் என்ன?

ஈண்டு ஓர் எச்சரிக்கையும் வேண்டும். கனடா நாட்டின் பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத்தில் டிசம்பர் 31 வரை பிறந்த குழந்தைகளை ஒரே வகுப்பிற் சேர்ப்பர். அங்கே ஜனவரியிற் பிறந்த சிறுவரினும் டிசம்பரிற் பிறந்த சிறுவர் நூற்றுக்கு 30 பங்கு மிகுதியாக இக்கோளாறுடையரெனக் குறிக்கப்பட்டமை 2012இல் வெளிப்பட்டது. வகுப்பில் இளையராயிருத்தலே சிலர்க்கு நோய்ப்பெயரை ஈட்டித் தந்தது போலும்! ஆதலின், இக்கோளாறு உண்டு இல்லை என்று துணிவது தேர்ந்த மருத்துவர்க்கு உரியது. ஆசிரியர்க்கோ, தோழர்க்கோ, அரைகுறையாய்ப் படித்தறிந்த மாணாக்கர்க்கோ உரியதன்று.

மருந்தைப் பற்றியும் இருவகை மயக்கம் உண்டு. 1999இல் அமெரிக்காவில் 579 சிறுவரை 14 திங்கள் ஆராய்ந்ததில், செவ்வையாக அளந்து கொடுக்கப்பட்ட மருந்து, பழக்கப் பயிற்சி மட்டும் பெற்றவரினும் குறிகளை மிகுதியாகத் தணித்தது. ஆனால், மூன்றாண்டின் முடிவில் நோக்கியபோது அவ்வேற்றுமை மறைந்திருந்தது. மருந்து பசியையும் உறக்கத்தையும் குறைத்தலும் உண்டு. ஆகவே, மருந்துண்ணல் இழிவன்று. மருந்தே முற்றுந் தீர்க்குமென்பதும் உண்மையன்று. மருத்துவர் மேற்பார்வையில், நல்ல பழக்கங்களோடு சேர்ந்தே அது பயன்தரும்.

இனி, நம் கல்லூரியின் கடன் யாது? நம் நாட்டில் 2016இல் இயற்றப்பட்ட மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைகளைப் பெயர் குறித்துள்ளது. கற்றல் குறைபாடு அதில் உண்டு, கவனக் குறைபாடு தனியே பெயர் பெறவில்லை. சட்டம் வாய் திறவாத இடத்தில் அன்பு வாய் திறத்தல் வேண்டும். பெரியதொரு கட்டுரையைத் திங்களிறுதியில் ஒருசேரக் கேளாது, பகுதி பகுதியாய் நாள் குறித்துக் கேட்கலாம். வாயாற் சொல்லும் கட்டளையைக் கரும்பலகையிலும் எழுதலாம். கல்லூரிக்குள் நடத்தும் தேர்வுகளில், வேண்டுவோர்க்கு ஓசையற்ற தனியறையும் சிறிது மிகுதியான நேரமும் தரலாம். கிழமைக்கொருமுறை பத்து நிமிடம் ஓர் ஆசிரியர் அவனை அழைத்து, ‘செய்தது என்ன, அடுத்துச் செய்வது என்ன’ என்று வினவலாம். பெல்ப்ஸ் அவர்கட்கு அன்னையாரும் பயிற்சியாசிரியரும் செய்தது இதற்கு மிக வேறன்று. இவற்றாற் கல்வியின் தரம் தாழுமென அஞ்சுதல் வேண்டா. கேட்கப்படும் அறிவு அதுவே, அதனை வெளியிடும் வழியே வேறு.

பவுல் அடிகள் கலாத்தியர்க்கு எழுதிய நிருபத்தின் ஆறாம் அதிகாரத்தில், பிறர் பாரத்தைத் தாங்கும் கடனையும், தன் பாரத்தைத் தானே சுமக்குங் கடனையும் அடுத்தடுத்துக் கூறியுள்ளார். மேற்போக்காய் நோக்குவோர்க்கு இவை முரணாய்த் தோன்றும். எம் பொருட்கு இவ்விரண்டும் வேண்டும். இக்கோளாறுடைய மாணாக்கர்க்கு யாம் சொல்வது: குறை உமதன்று, ஆயினும் அதனை ஆளும் முயற்சி உமதே, குறிப்பேடு வைத்தலும், உதவி வேண்டுமென நாணாது கேட்டலும், மருத்துவரைக் காண்டலும் உம் கையில் உள்ளன. ஏனையோர்க்கு யாம் சொல்வது: அவரை வரம் பெற்றாரென்று புகழ்ந்து தனியே விடாதீர், பழி பெற்றாரென்று இகழ்ந்து தள்ளாதீர். இது சுமையே. ஆனால், ஒருவனே சுமக்குங்கால் முதுகை முறிப்பதும், இருவர் பற்றுங்கால் வழி நடக்க விடுவதுமாகிய சுமை. அதன் மறுமுனையைப் பற்றும் கை நம் கல்லூரியில் இல்லையென்னும் சொல் பிறவாதிருப்பதாக.