ஊர் கூடிக் கைவேலை பயிலும் நாளொன்று வேண்டும்

யூபிலி ஆண்டு வந்தால் கல்லூரிகளிற் கட்டடங்கள் எழுவது வழமை. நுழைவாயில் வளைவு, நினைவுத் தூபி, புதிய மண்டபம் என்று பழைய மாணவர் தத்தம் வசதிக்கேற்ப அள்ளி வழங்குவர். அவ்வன்பை யாம் குறைத்துப் பேச வரவில்லை. கூரை ஒழுகும் வகுப்பறையில் இலக்கணம் நடத்திப் பழகிய ஆசிரியர் எவரும் கட்டடம் வேண்டாமென்று சொல்லார். ஆயினும் மலர்க் குழுவினர் எம்மிடம் கட்டுரையொன்று கேட்டபோது, கல்லிலும் சீமெந்திலும் அடங்காத ஒரு விண்ணப்பத்தை எழுதவே மனம் விழைந்தது. ஆண்டுக்கு ஒரு நாள் கல்லூரி வளவை ஊருக்குத் திறந்துவிட்டு, ஊரிலுள்ள கைத்திறனாளரை ஆசிரியராக அமர்த்தி, மாணவரும் பெற்றாரும் பழைய மாணவரும் அவர்களிடம் வேலை பயிலுதல் வேண்டும் என்பதே அவ்விண்ணப்பம். பரிசளிப்பு விழாவும் இல்ல மெய்வல்லுநர் போட்டியும் ஆண்டு அட்டவணையில் எங்ஙனம் இடம்பெறுகின்றனவோ, அங்ஙனமே இதுவும் இடம்பெறல் வேண்டும்.

இது புதிதாக யாம் கண்டுபிடித்த கருத்தன்று. யாழ்ப்பாணத்தில் வீடு வேய்வதும் வேலி அடைப்பதும் தனியொருவர் செய்த வேலைகளல்ல. குறித்த நாளில் இனத்தாரும் அயலாரும் கூடுவர். ஒருவர் ஓலை எடுத்துக் கொடுக்க, ஒருவர் கட்ட, சிறுவர் ஈர்க்கும் கயிறும் பொறுக்கிக் கொடுத்து நிற்பர். உச்சிப்பொழுதிற் கூழோ சோறோ வரும். அன்று கைகொடுத்தவனுக்கு நாளை இவன் கைகொடுப்பான். அங்கு எவரும் கற்பிக்க வந்ததாக எண்ணியதில்லை. ஆயினும், பத்து வயதிற் கயிறு பொறுக்கிய சிறுவன் பதினைந்து வயதில் முடிச்சிடத் தெரிந்தவனாய் இருந்தான்.

அவ்வேலியைப் பற்றி ஈண்டு இன்னும் சிறிது சொல்லல் தகும். கிளுவை, பூவரசு, முள்முருக்கு ஆகியவற்றின் கதியால்களை நட்டு, ஓலையால் அல்லது கிடுகால் அடைத்த வேலி வெறும் எல்லைக் கோடு அன்று. கதியாலின் குழை ஆட்டுக்கு உணவு; எஞ்சியது தோட்டத்திலே தாழ்க்கும் பசளை. அடைப்பிலிருந்து கழற்றிய பழைய ஓலையும் மண்ணுக்கே போயிற்று. ஆண்டுதோறும் பிரித்து அடைக்க வேண்டியிருந்தமையால் அயலவனோடு ஆண்டுக்கு ஒரு முறையாவது பேசவேண்டியும் இருந்தது. (அப்பேச்சு சில வேளை எல்லை வழக்காய் முடிந்து நீதிமன்றம் வரை போனதையும் மறைப்பதற்கில்லை.) இன்று வெளிநாட்டுப் பணத்தில் மதில்கள் எழுந்துவிட்டன. மதில் குழை தருவதில்லை. பசளைக்குக் கடைக்குப் போகின்றோம், ஆட்டை விற்றுவிட்டோம்.

எம் வயதினர் கைத்திறனின் பயனை நூலிற் படித்து அறிந்தவர் அல்லர். 1990 முதல் 1995 வரை குடாநாட்டில் மின்சாரம் இல்லை. எரிபொருளும் சவர்க்காரமும் பற்றரியும் தடைப்பட்ட பொருள்களாயின. ஜாம் போத்தலுக்குட் பஞ்சை வைத்துச் சிறிதளவு மண்ணெண்ணெய் விட்டு எரித்த சிக்கன விளக்கிலே ஒரு தலைமுறை சாதாரண தரமும் உயர்தரமும் படித்துத் தேறியது. துவிச்சக்கர வண்டியைத் தலைகீழாக நிறுத்தி, மிதியைக் கையாற் சுழற்றி, டைனமோவில் வானொலி கேட்டோம். மோட்டார்ச் சைக்கிள்கள் சில துளி பெற்றோலில் உயிர் பெற்று மண்ணெண்ணெயில் ஓடின. பனம்பழத்தைப் பிசைந்து துணி வெளுத்தோம். இவற்றைப் பொற்காலமென்று யாம் பாடமாட்டோம். அத்துன்பம் எவர் பிள்ளைக்கும் மீண்டும் வரலாகாது. ஆயின் அன்று அவற்றைச் செய்து காட்டுதற்கு ஊரில் ஆள்கள் இருந்தார்கள் என்பதை மட்டும் குறித்துக் கொள்ளுதல் வேண்டும். பனம்பழம் துணியை வெளுக்கும் என்பது எம் பாட்டிமாருக்கு முன்னரே தெரிந்திருந்தது.

2022 இல் நாடு கடனிலே தாழ்ந்து எரிவாயுவும் எரிபொருளும் இல்லாது போனபோது நிலைமை வேறாயிருந்தது. பழைய துவிச்சக்கர வண்டிகள் கொட்டிலிலிருந்து வெளியே வந்தன. ரியூப்புக்கு ஒட்டுப் போடத் தெரிந்த பிள்ளைகளைத் தேட வேண்டியிருந்தது. விறகு கிடைத்தது, அடுப்பு மூட்டிப் புகையில்லாமல் எரிக்கத் தெரியாத இளந் தாய்மார் கண்ணீர் விட்டனர். அதற்கு முந்திய ஆண்டின் கதை இன்னும் கொடியது. 2021 இல் அரசாங்கம் இரசாயனப் பசளை இறக்குமதியை ஒரேயடியாகத் தடைசெய்து, நாடு முழுவதும் சேதனப் பயிர்ச்செய்கைக்கு மாறுக என ஆணையிட்டது. விளைவு குன்றியது, உழவர் தெருவுக்கு வந்தனர், அவ்வாண்டு நவம்பரிலே தடை நீக்கப்பட்டது. இதனைக் கண்டு, சேதனப் பசளை என்பதே வீண் பேச்சு என்று பலர் முடிவு கட்டினர். யாம் அவ்வாறு கருதவில்லை. எருவைச் சேர்த்து ஆற வைத்துப் பக்குவப்படுத்துவது ஒரு கல்வி. எந்த மண்ணுக்கு எவ்வளவு என்பது அதனினும் பெரிய கல்வி. கற்பித்தற்கு ஒரு பருவம்தானும் கொடாமல் வர்த்தமானியில் ஓர் அறிவித்தலை வெளியிட்டு உழவனைப் பரீட்சை மண்டபத்தில் இருத்தினார்கள்.

பாடசாலைகள் இதனை அறவே மறந்தன என்றும் கூறுவதற்கில்லை. 1972 இன் கல்விச் சீர்திருத்தம் தொழில் முன்னிலைப் பாடங்களைக் கொணர்ந்தது. அந்தந்த ஊரின் தொழிலை அந்தந்தப் பாடசாலையிலே படிப்பித்தல் என்பது அதன் நோக்கம். 1977 இல் ஆட்சி மாறியபின் அது கைவிடப்பட்டது. பெற்றாருள் அதற்காக வருந்தியவர் சிலரே. பின்வந்த காலத்திற் செயன்முறைத் தொழினுட்பத் திறன்கள் என்றொரு பாடம் வந்தது. அப்பெயரை ஒரே மூச்சில் வாசிப்பதே ஒரு திறன்தான். ஆனால் மாணவன் அதிற் பெரும்பாலும் கற்பது திறனைப் பற்றிய குறிப்பை. நீர்க்குழாய் இணைப்பின் படத்தை அழகாக வரைவான்; வீட்டுக் குழாய் ஒழுகினால் வேறொருவரை அழைப்பான்.

தமிழாசிரியர் என்ற முறையில் இன்னொன்றும் எம்மை வருத்துகின்றது. குருத்து, சார்வு, காவோலை, கருக்கு, கங்குமட்டை, பன்னாடை, பாளை, சீக்காய், பூரான், ஊமல் என்று பனையின் உறுப்புக்களுக்கு மட்டும் எத்தனை சொற்கள்! இவற்றுட் பன்னாடை ஒன்றே இன்றைய மாணவர்க்கு நன்கு தெரியும். அதுவும் வசையாகத் தெரியும். துலா, பட்டை, கடகம், நீற்றுப்பெட்டி என்பனவற்றுக்கு யாம் கரும்பலகையிற் பொருள் எழுதுகின்றோம். பிள்ளைகள் மனனஞ் செய்கின்றார்கள். பொருளைக் கையிலெடுத்துப் பாராதவனுக்குச் சொல் எத்தனை நாளுக்கு நிற்கும்?

இனி, எம்மவர் பேசத் தயங்கும் ஒன்றைப் பேசவேண்டும். கைவேலை எம் கல்லூரிகளுக்குள் நுழையாமற் போனதற்குப் பரீட்சை மட்டும் காரணமன்று. பனை ஏறுபவர், மரவேலை செய்பவர், சலவை செய்பவர், மட்பாண்டம் வனைபவர், இரும்படிப்பவர் ஆகிய அனைவர் அறிவையும் சாதியோடு சேர்த்துக் கட்டி வாசலுக்கு வெளியே நிறுத்தியது எமது சமூகம். இந்துக் கல்லூரிகள் எழுதுவினைஞரையும் வைத்தியரையும் வழக்கறிஞரையும் உண்டாக்கின. அதில் எமக்குப் பெருமை உண்டு. ஆயின் உளியும் பாளைக்கத்தியும் பிடித்த கை தாழ்ந்தது என்ற எண்ணத்தையும் அவை கண்டுங் காணாமல் வளரவிட்டன. 1920களின் கடைசியில் யாழ்ப்பாணப் பாடசாலைகளிற் சம ஆசனம் வேண்டுமென்று எழுந்த போராட்டத்தை அறிந்தோர், நாற்காலி ஒன்றில் எவ்வளவு வரலாறு அமர்ந்திருக்கின்றது என்பதையும் அறிவர். அக்காலத்தில் யாழ்ப்பாண வாலிபர் காங்கிரசின் அழைப்பை ஏற்று 1927 நவம்பரிற் காந்தியடிகள் இங்கு வந்தார். கதர் நிதிக்குப் பணம் திரட்டினார். எம்மவர் பணத்தைத் தாராளமாகக் கொடுத்தனர். இராட்டையோ இந்நாட்டில் வேரூன்றவில்லை.

மறுபுறம் 1958 இல் நடந்ததொன்றைப் பாருங்கள். கொழும்பு நாலந்தாக் கல்லூரியில் ஆசிரியராயிருந்த ஏ. ரி. ஆரியரத்ன தம் மாணவரையும் உடனாசிரியரையும் அழைத்துக்கொண்டு கனத்தொலுவை என்னும் சிற்றூருக்குச் சென்றார். சிங்களச் சமூகம் தீண்டத்தகாதோராய் ஒதுக்கி வைத்த மக்களின் ஊர் அது. அங்கே தங்கி அவர்களோடு மண் வெட்டி, கிணறு தோண்டி, உடனிருந்து உண்டார்கள். அந்தச் சிரமதானத்திலிருந்தே சர்வோதய இயக்கம் நாடெங்கும் விரிந்தது. 2024 இல் அவர் மறைந்தபோது பத்திரிகைகள் அவர் பெற்ற விருதுகளை நிரல்படுத்தின. எம் போன்றோர்க்கு அவர் பாடசாலை விடுமுறையில் மாணவரைக் கூட்டிச் சென்ற ஓர் ஆசிரியர் என்பதே போதும்.

ஆகவே யாம் கேட்கும் நாளில், பனையேறும் முதியவரும் பெட்டி இழைக்கும் அம்மையாரும் கூலிக்கு அழைக்கப்பட்டவராய் மரநிழலில் நிற்றல் கூடாது. மாலையும் பொன்னாடையும் முதலில் அவர்களுக்கே. அதிபர் எழுந்து வரவேற்க வேண்டும். மாணவர் அவர்களை ஐயா என்றும் அம்மா என்றும் அழைத்து, அவர்கள் காட்டியபடி செய்து, பிழைத்தால் அவர்களிடம் ஏச்சும் வாங்குதல் வேண்டும்.

எவற்றைப் பயில்வது? பட்டியலுக்குக் குறைவில்லை; எமக்குத் தண்ணீரே முதலிற் படுகின்றது. குடாநாட்டில் ஆண்டு முழுதும் ஓடும் ஆறு கிடையாது. வழுக்கியாறும் மாரிக்கு உரியதே. சுண்ணாம்புக்கல்லின் வெடிப்புக்களிலும் பொந்துகளிலும் தங்கும் மழைநீரே எம் கிணறு. அந்நன்னீர், கீழேயுள்ள உவர்நீரின்மேல் மிதந்து நிற்கின்றது. கடல் மட்டத்துக்கு மேல் 1 அடி நன்னீர் நின்றால் அதன் கீழே ஏறத்தாழ 40 அடி நிற்கும் என்பது நீரியலார் கணக்கு. மேலே 1 அடி குறைந்தால் அடியிலிருந்து உவர் 40 அடி ஏறிவர வழியுண்டு. துலாவிலே பட்டையால் இறைத்த காலத்தில் மனிதன் களைத்தபோது கிணறும் இளைப்பாறியது. 1950களிலிருந்து இயந்திரங்கள் பரவின, இயந்திரம் களைப்பதில்லை. இரசாயனப் பசளையும் மலக்குழியும் கிணற்றில் நைத்திரேற்றைக் கூட்டுவதை ஆய்வாளர் பலகால் எடுத்துரைத்துள்ளனர். விஞ்ஞான ஆசிரியர்கள் அன்றைய தினம் ஊரவர் கொணரும் போத்தல் நீரைச் சோதித்துக் கொடுக்கலாம். கூரை நீரைக் கிணற்றுக்கும் குளத்துக்கும் திருப்பும் வாய்க்காலை மாணவர் மண்வெட்டியால் வெட்டிப் பழகலாம். கல்லூரி அயலிலுள்ள குளமொன்றைத் தூர்வாரினால் அதனினும் நன்று.

வித்துப் பரிமாற்றம் எளிது. கத்தரி, பயிற்றை, பாகல், வெண்டி ஆகியவற்றின் ஊர் வித்துக்களைச் சாம்பலிற் புரட்டி வைத்திருக்கும் ஆச்சிமார் இன்னும் சிலர் உளர். அவர்கள் ஒரு பிடி கொண்டுவந்தால் நூறு வீடுகளுக்குப் போகும். பழுது பார்த்தலை மேனாட்டாரிடம் கற்பதிலும் தவறில்லை. 2009 இல் ஆம்ஸ்ரர்டாம் நகரில் மார்ரினே பொஸ்ரமா என்னும் பெண்மணி, பழுதான பொருள்களை மக்கள் கொணர்ந்து, தெரிந்தவர் துணையோடு தாமே திருத்திச் செல்லும் ஒரு கூடலைத் தொடக்கினார். அது இன்று பல நாடுகளில் நடக்கின்றது. செல்வ நாட்டார் மின்னழுத்தியைத் திருத்தக் கூடுகின்றனர். நாமோ அதனை எறிந்துவிட்டுப் புதியதற்குக் கடைக்கு ஓடுகின்றோம்.

ஒன்றை மட்டும் தவிர்க்க வேண்டும். சூழல் தினமென்று பிளாத்திக்குப் பதாகை கட்டிப் பிளாத்திக்கின் தீமையைப் பேசுதலும், பிரமுகர் ஒருவர் கன்றைத் தொட, புகைப்படம் எடுத்தலும், மறு ஆண்டு அதே குழியில் வேறொரு கன்றை நடுதலும் யாவரும் அறிந்தவை. சொற்பொழிவுக்குக் கால் மணி நேரம் போதும். எஞ்சிய பொழுதெல்லாம் கைகள் அழுக்காகட்டும்.

பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளையின் ஒரு நாளைப் பாழாக்கலாமா என்று பெற்றார் கேட்பர். ஆண்டில் ஒரு நாள், அதுவும் சனிக்கிழமை. தனியார் வகுப்புக்கள் அன்று ஒரு வேளை மூடினால் உலகம் கவிழ்ந்துவிடாது. வெளிநாட்டிலுள்ள அன்பர்கள், கனடாவிலே வாழப்போகும் பிள்ளைக்குப் பனையோலை எதற்கென்று நகைக்கலாம். அவர்களுட் பலர் அங்கு சென்று தம் வீட்டுக் குழாயையும் கூரையையும் தாமே திருத்தப் பழகியதை விடுமுறையில் வந்து எமக்குப் பெருமையோடு சொன்னவர்களே.

காலத்தை ஆவணி முடிவிலோ புரட்டாதியிலோ வைத்தல் பொருந்தும். அப்பொழுது பனம்பழம் விழுந்து முடியும் தறுவாய். மாரி தொடங்குமுன் விதை பாத்தியிடலாம். தை பிறக்கும்போது கிழங்கு கிளறலாம். போரில் அழிந்த பனைகளுக்கு ஈடாகச் சில நூறு விதைகளை வளவின் ஓரத்திலும் குளக்கரையிலும் ஊன்றலாம். காய்க்கப் பதினைந்து, இருபது ஆண்டுகள் செல்லும். ஆணோ பெண்ணோ என்பதும் பூத்தபின்பே தெரியும். செலவு பெரிதன்று: மண்வெட்டிகள், கத்திகள், ஒட்டுப் பசை, நீர் சோதிக்கும் உபகரணம், கூழுக்குரிய ஒடியல் மாவும் மீனில்லாச் சரக்கும், வருகின்ற ஆசிரியர்களுக்கு ஒரு நாட் சம்பளத்துக்குக் குறையாத கையுறை. வளைவுக்கென ஒதுக்கிய பணத்தில் ஒரு தூணின் விலைக்குள் அடங்கும். பழைய மாணவர் சங்கத்தின் அடுத்த பொதுக்கூட்டத்தில் இதனைப் பிரேரிக்க ஒருவரும் ஆமோதிக்க ஒருவரும் முன்வருவாராயின், வரவேண்டிய முதியோரின் பெயர்ப் பட்டியலை யாம் மாணவரைக் கொண்டு வீடு வீடாகச் சென்று தயாரித்துத் தருவோம். அவர்களுட் பலர் எழுபதைத் தாண்டியவர். கூட்டத்தை அதிகம் பின்போடாதிருத்தல் நன்று.