மூட்டையோடு போகும் மண்

செஞ்சி என்றதும் கோட்டைதான் நினைவுக்கு வரும். ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி என்று மூன்று மலைகள். 2025-ம் ஆண்டில் யுனெஸ்கோவும் இக்கோட்டையை உலகப் பாரம்பரியச் சின்னமாக ஏற்றுக்கொண்டது. கல்லுக்குக் காவல் கிடைத்துவிட்டது. அடிவாரத்து வயல் மண்ணுக்குக் காவல் உண்டா?

மல்லாட்டை பூமி

செஞ்சிப் பக்கத்தில் வேர்க்கடலைக்கு மல்லாட்டை என்று பெயர். மணிலாக்கொட்டை என்பதே அப்படி மருவியது. இது கிழங்கல்ல. ஆனாலும் கிழங்கைப்போல மண்ணுக்குள் விளைகிறது. நெல்லை அறுக்கலாம். மல்லாட்டையைப் பிடுங்கத்தான் வேண்டும். பிடுங்கும்போது வேரோடும் காயோடும் மண்ணும் வருகிறது.

தரை காய்ந்திருந்தால் காய் அறுந்து மண்ணுக்குள் தங்கிவிடும். ஆகவே, உழவர் ஈரத்துக்குக் காத்திருக்கிறார். ஈரம் மிகுந்தாலோ, மண் காயை விடாமல் ஒட்டிக்கொள்கிறது. இதில் உழவரைக் குறை சொல்லிப் பயனில்லை.

ஒரு சிறு கணக்கு

ஒரு மூட்டையில் ஒரு கிலோ மண் ஒட்டியிருப்பதாக வைத்துக்கொள்வோம். ஆயிரம் மூட்டை விற்பனைக்குப் போனால், ஒரு டன் மண் ஊரைவிட்டுப் போகிறது. அது வெறும் தூசியல்ல. எருவும் சத்தும் சேர்ந்த மேல்மண். மண்ணுக்காக வியாபாரி எடையில் கழிக்கிறார். உழவருக்குப் பணமும் நஷ்டம், மண்ணும் நஷ்டம்!

பெல்ஜியம் நாட்டில் இதை அளந்தே பார்த்திருக்கிறார்கள். அங்கே சர்க்கரை எடுக்கும் பீட் கிழங்கோடு, ஒரு ஹெக்டேருக்கு, அதாவது இரண்டரை ஏக்கருக்கு, ஏறக்குறைய 9 டன் மண் போகிறதாம். மல்லாட்டையில் அவ்வளவு போகாது. ஆனால், ஆண்டுதோறும் போவது சிறிதானாலும் இழப்பு இழப்புதானே?

மழை செய்யும் வேலை

பிடுங்கிய நிலம் பொலபொலவென்று கிடக்கும். ஆடிப்பட்டத்து மானாவாரிப் பயிரைப் பிடுங்கி முடிக்கும்போது ஐப்பசி மழை வந்துவிடுகிறது. சரிவான நிலத்தின் மேல்மண் ஓடையில் கரைந்து ஓடுகிறது. ஏரியில் படிகிறது. சங்கராபரணி ஆற்றில் கலந்து வீடூர் அணை வரை போகிறது. வயல் மெலிகிறது, ஏரி மேடாகிறது.

என்ன செய்யலாம்?

செடியை வயலிலேயே நன்றாக உதறவேண்டும். காயை வயலோரத்திலேயே உலர்த்திச் சலித்தால், மண் அங்கேயே தங்கும். ஆய்கிற கூலியாள் அவசரப்படாமல் வேலை செய்ய நேரம் தரவேண்டும். சரிவுக்குக் குறுக்கே வரப்பு உயரவேண்டும். கோடையில் ஏரி வண்டலை வயலுக்கு அடிக்கும் பழைய வழக்கத்தை விட்டுவிடக்கூடாது.

விற்பனைக்கூடங்களுக்கும் பொறுப்பு உண்டு. சுத்தமான காய்க்குக் கூடுதல் விலை கொடுத்துப் பாருங்கள். மண் தானாக வயலில் நிற்கும்.

ஓர் அங்குல மேல்மண் உண்டாக நூற்றுக்கணக்கான ஆண்டுகள் ஆகும். செஞ்சிக் கோட்டையைக் கட்டியதைப்போல நீண்ட வேலை அது. பாட்டன் உழுத மண் பேரனுக்கும் வேண்டாமா?