சுக்கானும் கண்ணும்

நடுக்கடலில் தன்னந்தனியே பாய்மரப் படகு செலுத்துவோர் எப்போது உறங்குகின்றனர்? புகைவண்டியில் செல்லும்போது நாம் உறங்கலாம். நமக்காக ஓட்டுநர் விழித்திருக்கின்றார். படகில் இருப்பவரோ ஒருவரே. அவர் கண்ணயர்ந்தால் சுக்கான் பிடிப்பவர் யார்? இத்திங்கள் இவ்வினாவைச் சற்றே ஆராய்வோம். கடலோரத் தலைநகராகிய திருவனந்தபுரத்தில் குடியேறி வாழும் நமக்கு இது தொலைவான செய்தியன்று.

சுக்கான் பிடிக்கும் வேலையை ஏற்றுக்கொள்ள ஒரு கருவி உண்டு. அதனை ஆட்டோ பைலட் என்பர். சிறு படகின் சுக்கானில் நீண்ட கைப்பிடி ஒன்று இணைந்திருக்கும். அக்கைப்பிடியோடு பொருத்தப்படும் இக்கருவி ஏறத்தாழ ஒரு முழ நீளமே இருக்கும். அதனுள் மின் திசைகாட்டி உண்டு. குறித்த திசையினின்றும் படகு விலகினால், கருவியின் தண்டு நீண்டோ சுருங்கியோ கைப்பிடியை நகர்த்தும். படகு தன் வழிக்குத் திரும்பும். இக்காலக் கருவிகள் பலவற்றில் படகின் திருப்பத்தை நொடிப்பொழுதில் உணரும் ஜைரோவும் அமைந்துள்ளது. இராக்கெட்டுகளின் திசை காக்கும் ஜைரோக்கள் நம் நகரத்து வட்டியூர்க்காவிலுள்ள இஸ்ரோ நிலையத்தில் உருவாகின்றன என்பதை நம் பிள்ளைகள் அறிந்திருத்தல் நன்று.

இக்கருவி வாங்கிவிட்டால் கவலை ஒழிந்தது எனலாமோ? ஆகாது. அது மின்கலத்தை உண்டு வாழ்வது. பாய்களைச் செம்மையாகக் கட்டாவிடில் படகு ஓயாமல் ஒரு பக்கமே இழுக்கும். கருவியும் ஓயாமல் போராடி, மின்கலத்தை விரைவில் வற்றச்செய்யும். திசைகாட்டியின் அருகே இரும்புப் பொருளை வைத்தால் திசையே பிழையாகும். காற்று மாறினால் இன்னும் இடர். திசையை மட்டும் காக்குமாறு பணித்திருந்தால், பின்னிருந்து வீசும் காற்று சற்றே பக்கம் மாறியதும் பெரும்பாய் திடீரென மறுபுறம் பாயும். அதனைத் தாங்கும் கட்டை எதிர்ப்பட்டவர் தலையைத் தாக்கும். காற்றின் கோணத்தைக் காக்குமாறு பணித்திருந்தாலோ, காற்று திரும்பத் திரும்பப் படகும் திரும்பும். முன்னே பாறை இருப்பினும் அது நிற்காது.

மின்சாரமே வேண்டாத மற்றொரு வகையும் உண்டு. படகின் பின்புறத்தில் மெல்லிய பலகை ஒன்று காற்றின் போக்கை உணர்ந்து சாயும். அச்சாய்வு சுக்கானைத் திருப்பும். மும்பைத் துறையில் தேக்கு மரத்தால் கட்டப்பட்ட 'சுஹைலி' என்னும் 32 அடிப் படகில் இத்தகைய காற்றுக்கருவியோடு புறப்பட்டார் ஆங்கிலேயர் இராபின் நாக்ஸ் ஜான்ஸ்டன். ஆஸ்திரேலியக் கடற்பகுதியில் அக்கருவி அடியோடு பழுதாயிற்று. அவர் பயணத்தைக் கைவிட்டாரில்லை. பாய்களைச் சமன்செய்து, சுக்கானைக் கட்டிவைத்து, படகு தானே நேர்வழி செல்லுமாறு அமைத்துக்கொண்டார். 1968 சூனில் தொடங்கிய பயணம் 1969 ஏப்ரலில் நிறைவுற்றது. எங்கும் நில்லாது தனியே உலகைச் சுற்றிய முதல் மனிதர் அவரே.

அப்பயணத்தின் நினைவாக 2018-இல் நடந்த போட்டியில் மின் ஆட்டோ பைலட்டுக்கு இடமில்லை, காற்றுக்கருவி மட்டுமே. கேரளத்தைச் சேர்ந்த கடற்படை அதிகாரி அபிலாஷ் டோமி அதிற் கலந்துகொண்டார். 2012, 2013 ஆண்டுகளிலேயே இடைநில்லாது தனியே உலகைச் சுற்றிவந்த முதல் இந்தியர் அவர். 2018 செப்டம்பரில் தென் இந்தியப் பெருங்கடலின் புயலில் அவர் படகு புரண்டது, பாய்மரம் முறிந்தது, முதுகெலும்பு காயமுற்றது. பிரெஞ்சுக் கப்பலொன்று அவரை மீட்டது. அவரே 2022-இல் மீண்டும் அப்போட்டியிற் புகுந்தார். காற்றுக்கருவியின் பகுதிகள் உடைந்தபோது கழிவறைக் கதவையே அறுத்துப் பழுது பார்த்தார்! 2023 ஏப்ரலில் இரண்டாமவராகக் கரை சேர்ந்தார். கருவியை நம்பினவர்தாம்; ஆயினும் கருவியின்றியும் வாழக் கற்றவர்.

இனி, முதன்மையான செய்தி ஒன்றுண்டு. இக்கருவிக்குக் கை உண்டு, கண் இல்லை. படகில் நிற்பவரின் கண் நீர்மட்டத்தினின்றும் ஆறு, ஏழு அடி உயரத்தில் இருக்குமாயின் அவருக்கு அடிவானம் சுமார் 3 கடல் மைல் தொலைவே. மணிக்கு 20 கடல் மைல் ஓடும் கப்பலோ இருபதே நிமிடத்தில் 6 கடல் மைலுக்கு மேல் வந்துவிடும். ஆதலாற்றான் தனியே செல்வோர் பலர் இருபது நிமிடத்திற்கொரு முறை மணியடிக்கச் செய்து, எழுந்து, நாற்புறமும் நோக்கி, மீண்டும் சாய்கின்றனர். எந்நேரமும் கண்ணாலும் செவியாலும் காவல் காக்கவேண்டும் என்பது 1972-ஆம் ஆண்டின் பன்னாட்டுக் கடல் விதி. அதில் படகென்றும் கப்பலென்றும் வேறுபாடில்லை. தனித்துச் செல்பவர் கயிற்றால் தம்மைப் படகோடு பிணைத்துக்கொள்வதும் இதனாலேயே. அவர் தவறி நீரில் வீழ்ந்தால் கருவி அதனை அறியாது. படகு அவரை விட்டுச் செவ்வனே சென்றுகொண்டிருக்கும்.

இதனை நம் கரையில் வைத்துப் பாருங்கள். விழிஞ்ஞம், பூந்துறை, வலியதுறை மீனவர் இரவில் சிறு படகுகளில் தொழில் செய்கின்றனர். அவர்களுள் தமிழ் பேசுவோரும் உளர். விழிஞ்ஞத்தில் புதிய துறைமுகம் 2025 மே மாதம் நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்டது. மாபெருங் கப்பல்கள் கரையருகே வருகின்றன. அக்கப்பல்களிலும் ஆட்டோ பைலட்டே பெரும்பாலும் சுக்கான் பிடிக்கின்றது. மேல்தளத்தில் நிற்கும் ஒருவரின் விழிப்பே கீழே விளக்கேற்றி வலை வீசுவோரின் உயிர். 2012 மார்ச் 1-ஆம் நாள் ஆலப்புழைக் கடலில் சரக்குக் கப்பல் மோதி, மீன்பிடிப் படகொன்றில் இருந்த ஐவர் மாண்டதை இக்கரை மறக்கவில்லை. கப்பல் வேலைக்குச் செல்ல விழையும் நம் இளைஞர்கள் இதனை முதற் பாடமாகக் கொள்வாராக.

இருப்புப்பாதைத் துறையில் எழுத்துப்பணி புரியும் நமக்கு இங்கு வேறொரு கருவி நினைவுக்கு வருகின்றது. இரயில் எஞ்சினில் ஓட்டுநர் ஏறத்தாழ ஒரு நிமிடம் எதனையும் இயக்காதிருந்தால் விளக்கு மின்னும். பின்னர் ஒலி எழும். அப்பாலும் அவர் அசையாவிடில் பிரேக் தானே விழும். படகின் கருவி மனிதனை உறங்க விடுகின்றது. எஞ்சினின் கருவி உறங்க விடுவதில்லை. இரண்டும் வேண்டுவனவே. எது எவ்வேலைக்கு என்று அறிவதே அறிவு.

ஊர்விட்டு வந்து வாழும் நம் இல்லங்களிலும் இத்தகைய கருவி உண்டு. திங்கள்தோறும் முதல் நாளில் வங்கியே ஊரிலுள்ள பெற்றோர்க்குப் பணம் அனுப்பிவிடுகின்றது. நல்ல ஏற்பாடு, மறதிக்கு இடமில்லை. ஆனால் அம்மாவின் முழங்கால் வலி கூடிற்றா, அப்பாவின் கண் மங்கிற்றா என்பதை வங்கி பார்த்து வராது. நாகர்கோவிலுக்கும் நெல்லைக்கும் நாள்தோறும் வண்டி உண்டு. சுக்கானைக் கருவியிடம் ஒப்படைக்கலாம், அன்பர்களே, காவலை ஒப்படைக்கலாகாது.