வில்லும் சில்லும்

துவிச்சக்கர வண்டி எமது குடும்பங்களுக்குப் புதியதன்று. பள்ளிக்கூடத்திற்கும் சந்தைக்கும் வயலுக்கும் தோட்டத்திற்கும் எம்மைச் சுமந்து சென்ற அவ்வண்டியை அறியாதார் எம்மிடையே இலர். ஆயின் இக்காலத்து இளைஞர் சிலர் விரும்பிக் கேட்பது வேறொரு வகை வண்டியாகும். முன்னும் பின்னும் வில் பொருத்தப்பெற்று, அகன்ற ரயர் பூண்டு, கல்லும் வேரும் நிறைந்த மலைப்பாதையில் ஓடுவதற்கென்றே அமைந்த வண்டி அது. அதன் விலையைக் கேட்டுத் தந்தை திகைப்பதும், அதன் படத்தைப் பார்த்து மகனோ மகளோ உறக்கம் இழப்பதும் இயல்பே. இவ்வாரம் அவ்விரு சாராருக்கும் பயன்படக் கூடிய சிலவற்றைச் சொல்ல விரும்புகின்றோம்.

முதலில் இவ்வண்டி பிறந்த கதையைச் சிறிது பார்ப்போம். அமெரிக்காவின் கலிபோர்ணியா மாநிலத்திலே, சான் பிரான்சிஸ்கோ நகருக்கு வடக்கே, மரின் என்னும் மாவட்டம் உண்டு. அங்குள்ள தமல்பைஸ் மலையைச் சூழ்ந்த பகுதியிலேயே இவ்விளையாட்டு உருப்பெற்றது. 1970களில் அப்பகுதி இளைஞர் பழைய கனத்த வண்டிகளைத் தேடி வாங்கி, மலைமேல் ஏற்றிச் சென்று, மண்பாதை வழியே இறங்கி மகிழ்ந்தனர். 1976 ஒக்டோபர் 21 ஆம் திகதி, பெயர்பாக்ஸ் என்னும் ஊருக்கு அருகில் அவர்களுடைய முதற்பந்தயம் நடைபெற்றது. ஏறக்குறைய 2 மைல் தூரத்தில் 1,300 அடி இறங்கும் பாதை அது. பெடலைப் பின்புறமாக மிதித்து நிறுத்தும் பழைய பிறேக், இறக்கத்தில் கொதித்து, பின்சில்லின் குடத்துள் இருந்த கிறீஸைப் புகையாக்கிவிடும். ஓட்டம் முடிந்ததும் குடத்தைக் கழற்றிப் புதுக் கிறீஸ் அடைக்க வேண்டியிருந்தமையால், 'மீண்டும் அடை' என்று பொருள்படும் 'ரீபாக்' என்ற பெயரே அப்பாதைக்கு நிலைத்துவிட்டது.

1977 இல் ஜோ பிறீஸ் என்பவர் மலைப்பாதைக்கென்றே ஒரு சட்டகத்தைச் செய்தார். 1979 இல் காரி பிஷர், சார்ளி கெலி ஆகிய இருவரும், தொம் றிச்சி செய்த சட்டகங்களைக் கொண்டு இவ்வகை வண்டிகளை விற்கத் தொடங்கினர். எனினும் அவ்வண்டிகளுக்கு வில் இருக்கவில்லை. பந்தய மோட்டார் சைக்கிள் வேலையில் தேர்ந்த போல் ரேணர், 1989 அளவில், வில் பொருந்திய முன்கவையைத் துவிச்சக்கர வண்டிக்கென உருவாக்கினார். அது 2 அங்குல அளவே அசையக் கூடியதாயிருந்தது. பின்சில்லுக்கும் வில் வைக்கும் முறை அடுத்து வந்த ஆண்டுகளில் வளர்ந்தது. 1996 இல் அட்லாண்டா ஒலிம்பிக்கில் மலைப்பாதை ஓட்டம் முதன்முறையாக இடம்பெற்றது.

இனி, வில் எதற்காக என்பதை நோக்குவோம். உடல் நோகாதிருப்பதற்காக என்று பலர் எண்ணுகின்றனர். அதுவும் ஒரு பயனே. ஆயின் அதன் முதன்மையான வேலை சில்லை நிலத்தோடு ஒட்டி வைத்திருத்தலாகும். வில்லில்லாத வண்டி வேகமாகச் சென்று ஒரு கல்லில் ஏறினால், வண்டியும் ஆளும் சேர்ந்தே மேலெழ வேண்டும்; மறுகணம் சில்லு அந்தரத்தில் நிற்கும். அந்தரத்தில் நிற்கும் சில்லுக்குப் பிறேக்கும் இல்லை, திருப்பமும் இல்லை. வில் உள்ள வண்டியிலோ சில்லு மாத்திரம் எழுந்து தாழ, ஓட்டுபவர் தம் வழியே செல்வார். வில்லோடு கூடவே ஓர் எண்ணெய்க் குழாயும் உண்டு. சிறு துளைகளூடாக எண்ணெய் நெருங்கிப் பாயும்போது, வில்லின் துள்ளல் வெப்பமாக மாறி அடங்குகிறது. அஃதில்லையேல் வண்டி பந்துபோலத் துள்ளிக்கொண்டேயிருக்கும்.

இவ்வண்டிகளை அவற்றின் வில் அசையும் அளவைக் கொண்டு வகுப்பர். நெடுந்தூரப் பந்தய வண்டிக்கு 100 முதல் 120 மில்லிமீற்றர். செங்குத்தான இறக்கப் பந்தயத்துக்குரிய வண்டிக்கு 200 மில்லிமீற்றர். இவ்விரண்டுக்கும் நடுவே, ஏறவும் இறங்கவும் ஒருங்கே உதவும் பாதைவண்டிக்கு ஏறக்குறைய 120 முதல் 150 வரை. விரலுக்குத் தகுந்த வீக்கம் என்பதை இங்கே மறத்தல் ஆகாது. பெரிய வில் சிறிய பிழைகளை மறைத்துவிடும். புதிதாக ஓட்டப் பழகுபவர் தமது திறமை வளர்ந்துவிட்டதாக நம்பி வேகத்தைக் கூட்டுவார். வில்லால் மறைக்க முடியாத பிழை ஒருநாள் அவ்வேகத்திலேயே நேரும். அப்பொழுது முறிவது எலும்பு. ஆகவே, மிகப் பெரிய வில்லே மிகச் சிறந்த வண்டி என்று கடைக்காரர் சொன்னாலும் நம்பிவிட வேண்டாம்.

அன்றியும், சிறு மண்பாதைகளிலும் செம்மண் வீதிகளிலும் ஓட விரும்புவோருக்கு முன்வில் மாத்திரம் உள்ள வண்டியே போதுமானது. ஒரே விலைக்கு வாங்கும்போது, பின்வில் இல்லாத வண்டியில் நல்ல பிறேக்கும் நல்ல சில்லும் கிடைப்பது வழக்கம். பின்வில் உள்ள வண்டியில் மூட்டுகள் பல. அவற்றுள் குண்டுப் போதிகைகள் பல. அவை தேயும், மாற்ற வேண்டி வரும். முன்கவையைப் பிரித்துத் துடைத்து எண்ணெய் மாற்றும் வேலையை 50 மணிநேர ஓட்டத்துக்கு ஒருமுறை செய்யுமாறு கூறும் கையேடுகளும் உண்டு. வாங்கும் விலையோடு பராமரிக்கும் செலவையும் கூட்டிப் பார்த்தே தந்தையார் தீர்மானிக்க வேண்டும். உதிரிப்பாகங்கள் எங்கே கிடைக்கும் என்பதையும் பணம் கொடுக்குமுன் கேட்டறிதல் நலம்.

வாங்குவதென்று துணிந்தபின் முதலிற் பார்க்க வேண்டியது உடலுக்குப் பொருந்தும் அளவு. இவ்வண்டியில் இறக்கத்தின்போது நின்றபடியே ஓட்டுவதால், பெடல் மேல் நின்று ஹாண்டிலைப் பிடித்துப் பார்த்தே அளவைத் தெரிதல் வேண்டும். மார்பு ஒடுங்காமலும் கை முற்றாக நீளாமலும் இருப்பின் அளவு சரி. 'வளரும் பிள்ளைதானே, பெரிதாக வாங்குவோம்' என்று சட்டை தைப்பது போல வண்டி வாங்குதல் ஆபத்து. ஹாண்டிலிலுள்ள விசையை அழுத்தியதும் ஆசனம் தாழும் வசதி இருப்பின் மிக நன்று. ஏற்றத்தில் உயர்ந்த ஆசனமும் இறக்கத்தில் தாழ்ந்த ஆசனமும் வேண்டியிருப்பதே காரணம்.

பிறர் ஓட்டிய வண்டியாயின் மூன்று சோதனைகளைச் செய்க. ஆசனத்தைப் பிடித்துப் பின்சில்லை மெல்லத் தூக்கி இறக்கும்போது 'டக்' என்ற தட்டல் கேட்டால் மூட்டுகள் தேய்ந்திருக்கலாம். முன்கவையின் பளபளப்பான குழாய்களில் ஆழ்ந்த கீறலோ எண்ணெய்க் கசிவோ உண்டா எனப் பார்க்க. சட்டகத்தின் ஒட்டுகளில் மயிரிழை போன்ற வெடிப்பு இருப்பின், எத்துணை மலிவாயினும் வாங்காது விடுக.

வண்டி வீடு வந்த அன்றே காட்டுக்கு விரைதல் கூடாது. வில்லை ஆளின் நிறைக்கேற்ப அமைத்தல் வேண்டும். பெரும்பாலான வண்டிகளில் வில் என்பது அடைபட்ட காற்றேயாகும். அளவுகாட்டியுடன் கூடிய விசேட கைப்பம்பியால் அதன் அமுக்கத்தைக் கூட்டலாம், குறைக்கலாம். இன்ன நிறைக்கு இன்ன அமுக்கம் என்னும் அட்டவணை கையேட்டில் இருக்கும், அதிலிருந்து தொடங்குக. பின்னர் தலைக்கவசம், பை, தண்ணீர்ப் போத்தல் யாவும் அணிந்தபடி, ஒருவர் வண்டியைத் தாங்க, பெடல் மேல் ஆடாது நிற்க. அப்போது வில் தானே சிறிது அமிழும். குழாயிலுள்ள றப்பர் வளையம் அவ்வளவைக் காட்டும். முன்வில்லில் அதன் முழு அசைவில் நூற்றுக்கு 20 அளவும், பின்வில்லில் 25 முதல் 30 வரையும் அமிழ்தல் பொதுவிதி. முன்வில் 140 மில்லிமீற்றர் அசையுமாயின் 28 மில்லிமீற்றர் அமிழ வேண்டும். பின்வில்லின் தண்டு 50 மில்லிமீற்றர் அசையுமாயின் 15 மில்லிமீற்றர் அமிழ்வது பொருத்தம். இவ்வாறு முன்னரே அமிழ்ந்திருந்தால்தான் பள்ளம் வரும்போது சில்லு கீழிறங்கி நிலத்தைத் தொட இடமிருக்கும்.

ஆகவே, ஐம்பது கிலோ நிறையுள்ள தங்கைக்கு அமைத்த வில்லில் எண்பது கிலோ நிறையுள்ள அண்ணன் ஏறினால், இருவருக்கும் உரிய வண்டி அது அன்று. ஒரே வண்டியைப் பலர் ஓட்டும் வீட்டில், ஒவ்வொருவருக்கும் உரிய அமுக்கத்தைச் சிறு அட்டையில் எழுதிப் பம்பியோடு கட்டி வைப்பின் குழப்பம் நேராது.

அடுத்தது, அமிழ்ந்த வில் மீளும் வேகம். பெரும்பாலும் சிவப்பு நிறத் திருகு இதற்குரியது. ஆசனத்தில் அமர்ந்தபடி நடைபாதை விளிம்பொன்றிலிருந்து மெல்ல இறங்கிப் பார்க்க. வில் அமிழ்ந்து, ஒருமுறை எழுந்து, அடங்கினால் போதும். பலமுறை துள்ளினால் மீளும் வேகம் அதிகம். அது ஆளைத் தூக்கி எறியக் கூடும். எழாமல் சோம்பினால் வேகம் குறைவு. அடுத்தடுத்துக் கற்கள் வரும்போது வில் எழ நேரமின்றி ஒடுங்கிக் கல்லாகிவிடும். ஒரு நேரத்தில் ஒரு திருகை மாத்திரம் திருப்பி, எத்தனை சொடுக்கு என்பதைக் குறித்துக் கொள்ளல் மாணவருக்கு நல்லதோர் ஆய்வுப் பயிற்சியுமாகும்.

ரயரின் காற்றையும் மறத்தலாகாது. மலைப்பாதையில் கல்லென இறுகிய ரயர் வழுக்கும். 70 கிலோ நிறையுள்ள ஒருவருக்கு, 2.4 அங்குல அகலமுள்ள ரியூப் இல்லாத ரயரில், முன்னே சதுர அங்குலத்துக்கு 22 இறாத்தலும் பின்னே 25 இறாத்தலும் தொடக்கத்துக்கு ஏற்றவை. ரியூப் உள்ளதாயின் சிறிது கூட்டுக; இன்றேல் கல்லுக்கும் சில்லின் விளிம்புக்கும் இடையே ரியூப் நசுங்கிக் கிழியும். ரியூப் இல்லாத ரயர்களுள் ஊற்றப்படும் திரவங்கள் பலவற்றில் றப்பர்ப் பால் கலந்திருக்கும். முள் குத்திய துளையில் அது உறைந்து அடைத்துவிடும். எமது நாட்டு றப்பர் மரத்தின் காயத்தில் பால் உறைவதைக் கண்டவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. வெப்ப நாட்டில் அத்திரவம் விரைவில் காயுமாதலின் சில மாதங்களுக்கு ஒருமுறை பார்த்தல் வேண்டும்.

பிறேக்கைப் பற்றி ஓர் எச்சரிக்கை. எமது நாட்டு மோட்டார் சைக்கிளில் முன்பிறேக் வலக்கையில் உள்ளது. ஆங்கிலேய முறையிலமைந்த துவிச்சக்கர வண்டிகளிலும் அவ்வாறே. அமெரிக்க முறையில் அமைந்த வண்டியிலோ அது இடக்கையில் இருக்கும். பழக்கம் மாறிய கை இறக்கத்தில் முன்பிறேக்கை இறுகப் பற்றினால் ஓட்டுபவர் ஹாண்டிலுக்கு மேலாக விழுவார். எனவே புது வண்டியில் ஏறுமுன் எந்தக் கை எந்தச் சில்லை நிறுத்துகிறது என்று பார்த்து, வேண்டின் தொழிலறிந்தவரிடம் கொடுத்து மாற்றிக் கொள்க. புதிய தட்டுப் பிறேக்கை, சமதரையில் ஏறத்தாழ இருபது முறை, சில்லு இறுகி நிற்காதவாறு, நடைவேகம் வரும்வரை பிடித்து விட்டுப் பழக்குதலும் அவசியம்.

ஓட்டும் முறை சொல்லளவில் எளிது. இறக்கத்தில் ஆசனத்தைத் தாழ்த்தி, இரு பெடல்களும் ஒரே மட்டத்தில் இருக்க, முழங்காலும் முழங்கையும் மடங்க நிற்க. பாரம் பாதத்தில் இருக்கட்டும். கை ஹாண்டிலை நெரிக்காதிருக்கட்டும். கண் முன்சில்லைப் பாராமல் போக வேண்டிய இடத்தைப் பார்க்கட்டும். வண்டி கண்ணின் வழியே செல்லும். ஒவ்வொரு கையிலும் ஒரு விரலால் பிறேக்கைப் பிடிக்க. வளைவுக்கு முன்னரே வேகத்தைக் குறைத்து, வளைவினுள் பிறேக்கை விடுக. ஏறாத இடத்தில் இறங்கித் தள்ளிச் செல்வது இழிவன்று. பெரிய இறக்கத்தை முதலில் நடந்து பார்த்தபின் ஓட்டுவதே அறிவுடைமை. தலைக்கவசமும் கையுறையும் முழங்கால் காப்பும் இன்றி ஒருபோதும் புறப்படலாகாது.

இறுதியாக ஒன்று. இவ்விளையாட்டு பிறந்த தமல்பைஸ் மலையிலேயே, பாதசாரிகளும் குதிரையில் செல்வோரும் வேகத்தைக் கண்டு அஞ்சி முறையிட்டதன் விளைவாக, ஒற்றையடிப் பாதைகள் பல 1980களில் சைக்கிளோட்டிகளுக்கு மூடப்பட்டன. அத்தகைய பூசல்களின் நடுவேதான், 1988 இல், மலைப்பாதைச் சைக்கிளோட்டிகளின் சர்வதேசச் சங்கம் கலிபோர்ணியாவில் தோன்றியது. நடப்போருக்கு வழிவிடு, மேலேறி வருபவருக்கு ஒதுங்கி நில், ஈரமண்ணைச் சில்லால் கிழிக்காதே என்பன இன்று அவ்விளையாட்டின் பொது ஒழுக்கங்கள்.

பாதை எவருக்கும் தனியுரிமை அன்று. விறகு சுமந்து வரும் மூதாட்டியும் பாடசாலை செல்லும் சிறுவனும் அதே வளைவில் எதிர்ப்படக் கூடும். வில்லைத் தம் நிறைக்கேற்ப அமைத்த இளைஞர், வேகத்தையும் தம் கண் எட்டும் தூரத்துக்கேற்ப அமைப்பாராயின், தந்தையார் கொடுத்த பணம் வீண்போகாது. தாயாரும் வாசலில் அச்சத்தோடு காத்திருக்க வேண்டியதில்லை.