நூலகம் எந்தத் தெருவில் இருக்கிறது?

மதுரை புதுநத்தம் சாலையில் கலைஞர் நூற்றாண்டு நூலகம் 2023 ஜூலை 15 அன்று திறக்கப்பட்டது. ஆய்வு வேலையாக அங்கே போகிற நாட்களில், குழந்தைகள் பிரிவில் கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டுத்தான் மேல்தளத்துக்குப் போவேன். தென்மாவட்டங்களுக்கு இப்படி ஒரு நூலகம் வந்தது பெரிய காரியம்தான். ஆனால் மேலூருக்கு அப்பால் ஒரு காலனியில் இருக்கும் ஏழாம் வகுப்புப் பிள்ளை அங்கே வர வேண்டுமென்றால் இரண்டு பேருந்து மாற வேண்டும். கூட்டிவர, அன்றைய கூலியை விட்டுவிட்டு ஒரு பெரியவரும் வர வேண்டும். அந்தப் பிள்ளை தானாக நடந்துபோகக்கூடிய தூரத்தில் இருப்பது ஊர் நூலகம் மட்டும்தான். பிள்ளைகளின் வாசிப்பைப் பற்றிப் பேசுகிற நாம் அந்த நூலகத்திலிருந்துதான் தொடங்க வேண்டும்.

நான் எட்டாம் வகுப்புப் படித்தபோது எங்கள் ஊராட்சிக்கு நூலகம் வந்தது. 2006இல் தொடங்கிய அனைத்து கிராம அண்ணா மறுமலர்ச்சித் திட்டத்தில் கட்டியது. மந்தையை ஒட்டி, கோயிலுக்கு எதிரே கட்டினார்கள். காலனியிலிருந்து போக ஊர்த்தெருவைக் கடக்க வேண்டும். வரக்கூடாது என்று எங்களிடம் யாரும் சொல்லவில்லை. திண்ணையில் சீட்டாடிக்கொண்டிருந்தவர்களில் ஒருவர் மட்டும், "யார் மகன்டா நீ? இங்க என்ன சோலி?" என்பார். "படிக்க வந்தேன்யா" என்றால் எல்லோரும் சிரிப்பார்கள். நான்கு முறை போனேன். ஐந்தாம் முறை போகவில்லை. படித்துக்கொண்டிருந்த கதையில் ஒரு பையன் படகேறிக் காணாமல் போயிருந்தான். அவன் திரும்பி வந்தானா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. சில ஆண்டுகளில் அந்தக் கட்டடத்துக்குப் பூட்டு விழுந்தது. அதற்கு முன்பே அது எங்களுக்குப் பூட்டித்தான் இருந்தது.

இது புதிய கதை அல்ல. பொதுக் குளங்களும் கிணறுகளும் பள்ளிகளும் தீண்டப்படாதாருக்கும் உரியவை என்று பம்பாய் சட்டமன்றம் 1923இல் தீர்மானம் போட்டது. மறு ஆண்டே மகாடு நகராட்சி தன் குளத்தைத் திறந்துவிட்டதாக அறிவித்தது. ஆனாலும் 1927 மார்ச் 20 அன்று அம்பேத்கர் தலைமையில் மக்கள் திரண்டு போகும்வரை அந்தத் தீர்மானம் காகிதத்தில்தான் கிடந்தது. நம் ஊர் நூலகங்களும் காகிதத்தில் எல்லோருக்கும் பொதுவானவைதான்.

"இப்ப உள்ள பிள்ளைக எங்க சார் படிக்குது, எல்லாம் செல்போன்தான்" என்று ஆசிரியர்கள் அலுத்துக்கொள்கிறார்கள். பல பள்ளிகளில் நூலகம் என்பது தலைமையாசிரியர் அறையில் இருக்கும் ஒரு பீரோ. புத்தகம் தொலைந்தால் இருப்புப் பதிவேட்டுக்குப் பதில் சொல்ல வேண்டியவர் ஆசிரியர். எனவே பீரோ பூட்டியே இருக்கிறது. அரசின் வாசிப்பு இயக்கம் நுழை, நட, ஓடு, பற என்று நான்கு நிலைகளில் சின்னச் சின்னப் புத்தகங்களைக் கொடுத்தது நல்ல தொடக்கம். ஆனால் வகுப்பில் சொல்லிப் படிப்பது ஒன்று, பிள்ளை தானே தேர்ந்தெடுத்து வீட்டுக்கு எடுத்துப்போய்ப் படிப்பது வேறு. முன்னதற்குப் பாடவேளை போதும். பின்னதற்குப் பிள்ளையின் மேல் நம்பிக்கை வேண்டும்.

ஆறு முதல் எட்டு வரையான வகுப்புகளை நான் வலியுறுத்துவதற்குக் காரணம் உண்டு. கையில் சாதிக் கயிறு ஏறத் தொடங்கும் வயதும் ஏறக்குறைய அதுதான். 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் ஒரு தலித் மாணவனை அவன் பள்ளியில் படித்த சாதி இந்து மாணவர்களே வீடு புகுந்து வெட்டினார்கள். தடுத்த தங்கையையும் வெட்டினார்கள். அதன் பிறகு அமைக்கப்பட்ட நீதிபதி சந்துரு குழு, 2024இல் கொடுத்த அறிக்கையில் கயிறுகளுக்கும் நெற்றி அடையாளங்களுக்கும் தடை கோரியது. தேவையான தடைதான். ஆனால் கயிற்றை அவிழ்த்த கைக்கு நாம் எதைக் கொடுக்கப்போகிறோம்? எதிர்த்தெரு வாழ்க்கையைப் பற்றி ஒரு பக்கம்கூடப் படிக்காமல் வளர்வது சாதி இந்துப் பிள்ளைக்கும் கேடுதான்.

அம்பேத்கர் பள்ளி மாணவராக இருந்தபோது மாலை நேரங்களில் பம்பாய் சர்னி ரோடு பூங்காவில் உட்கார்ந்து படிப்பார். அங்கே வழக்கமாக வந்த கேலுஸ்கர் என்ற ஆசிரியர் அவரைக் கவனித்தார், பேசினார், புத்தகங்கள் கொடுத்தார். 1907இல் மெட்ரிகுலேஷன் தேறியபோது தான் எழுதிய புத்தர் வரலாற்றைப் பரிசளித்தார். அது எங்கே கொண்டுபோய்ச் சேர்த்தது என்பது நமக்குத் தெரியும். அந்தச் சிறுவனுக்கு உட்கார ஓர் இடம் இருந்தது. 'யார் மகன்' என்பதற்குப் பதிலாக 'என்ன படிக்கிறாய்' என்று கேட்க ஒருவரும் இருந்தார்.

நாமும் தப்பு செய்கிறோம். ஒரு காலனியில் நண்பர்களோடு மாலைநேரப் படிப்பகம் நடத்தியபோது, புத்தகம் எடுத்துப்போகும் ஒவ்வொரு பிள்ளையும் மறுநாள் கதைச் சுருக்கம் சொல்ல வேண்டும் என்று விதி வைத்திருந்தேன். ஏழாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி, "கதைய மட்டும் படிச்சாப் போதாதாண்ணே?" என்று கேட்டாள். நான் சிரித்துக்கொண்டே மறுத்தேன். அடுத்த வாரம் அவள் வரவில்லை. திண்ணைக்காரர் கேட்ட கேள்வியும் என் கேள்வியும் ஒன்றல்லதான். ஆனால் இரண்டும் ஒரு பிள்ளையைப் புத்தகத்திடமிருந்து திருப்பி அனுப்பின. விதியை எடுத்துவிட்டேன். அவளிடம் போய்ச் சொன்னேன். வந்தாள். இப்போது எடுத்துப்போகும் புத்தகங்களில் சில திரும்பி வருவதில்லை. வராத புத்தகம் ஏதோ ஒரு வீட்டில் இருக்கிறது என்று எடுத்துக்கொள்கிறோம்.

படிப்பகங்கள் நம்மால் முடிந்தவை. ஆனால் அவை அரசின் கடமைக்கு மாற்று ஆகிவிடக் கூடாது. சொத்து வரியோடு சேர்த்து நூலக வரியும் வசூலாகிறது. அது மக்கள் பணம். அடுத்த கிராம சபைக்குப் போகும்போது மூன்று கேள்விகளை எழுதி எடுத்துப்போங்கள். நம் ஊராட்சி நூலகம் வாரத்தில் எத்தனை நாள் திறக்கிறது? சாவி யாரிடம் இருக்கிறது? காலனியில் ஒரு கிளை எப்போது? பதிலைத் தீர்மானமாகப் பதிவு செய்யச் சொல்லுங்கள். அன்று மாலையே காலனிப் பிள்ளைகள் பத்துப் பேரைக் கூட்டிக்கொண்டு, மந்தை வழியாகவே நூலகத்துக்கு நடந்து போங்கள். திண்ணையிலிருந்து யாராவது கேட்டால் நீங்கள் பதில் சொல்லுங்கள். பிள்ளைகள் உள்ளே போய்ப் படிக்கட்டும்.